கல்யாணத்துக்கு நின்ற மழை எங்கள் வீட்டுக்கு ஏன் நிற்கவில்லை?

கேள்வி:

பாஸ்டர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் மும்பை தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். வீட்டிலேயே மாவு அரைத்து, இட்லி அவித்துக் கடைகளுக்குப் போடுகிறோம். போன மாதம் ஒரே ராத்திரி மழையில் முட்டளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கிரைண்டர் மோட்டார் போச்சு, இரண்டு மூட்டை இட்லி அரிசி போச்சு. அந்த வாரமே சபையில் ஒரு மூப்பர் எழுந்து, தன் மகள் கல்யாண நேரத்துக்கு ஆண்டவர் மழையை நிறுத்தி வைத்தார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள், எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு நிறுத்தினவர் எங்களுக்கு ஏன் நிறுத்தவில்லை? தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்காததால் விழுந்த அடி என்று மாமியார் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரு இண்டர்வியூவுக்குக் கிளம்பின அன்று தண்டவாளத்தில் தண்ணீர் நின்று டிரெயின் ஓடவில்லை. "ஆண்டவர் கதவை அடைச்சிட்டார்" என்று சொல்லி, அந்தக் கம்பெனிக்குத் திரும்ப ஒரு போன்கூடப் பண்ண மாட்டேன் என்கிறார். மழை, டிரெயின், மோட்டார் எல்லாமே அவர் கையில்தானா? எல்லாம் ஏற்கெனவே முடிவானது என்றால் நான் எதற்கு ஜெபம் பண்ண வேண்டும்?

ஒரு சகோதரி, தாராவி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அல்லேலூயா சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். சேறு வழித்துப் போட்ட கையோடு சபைக்கு வந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம், அன்றைக்கு உங்கள் ஸ்தோத்திரம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், மழை அவர் கையில்தான் இருக்கிறது. "நல்லது மட்டும்தான் ஆண்டவர், கெட்டது வேறு யாரோ" என்று சொல்லி உங்களைத் தேற்றலாம், கேட்க இதமாகவும் இருக்கும், ஆனால் வேதம் அப்படிப் பேசவில்லை. யோபு புத்தகத்தில் மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில்கூட அவர்தான் மழையை அனுப்புகிறார். யோனாவின் கதையில் புயல், மீன், ஆமணக்குச் செடி, அதை அரித்த பூச்சி, அப்புறம் வந்த அனல் காற்று என்று பெரியதும் சிறியதும் அத்தனையும் அவர் சொல்லுக்குத்தான் வருகிறது. 1563-இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் ஞானோபதேசம் இதைக் கேள்வி பதிலாகவே வைத்திருக்கிறது: மழையும் வறட்சியும், விளைகிற வருஷமும் விளையாத வருஷமும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனுடைய கையிலிருந்து வருகின்றன என்கிறது. நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் "தகப்பனுடைய" என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுதான் போவேன். நம் ஊரில் விதி என்றும் தலையெழுத்து என்றும் சொல்கிறோமே, அதற்கு முகம் கிடையாது, அதனிடம் போய் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க முடியாது. தகப்பனிடம் கேட்கலாம். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

அவருடைய கையில் இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது என்பதில்தான் நாம் அடிக்கடித் தவறுகிறோம். நானும் தவறியிருக்கிறேன். 2005 ஜூலை 26 உங்களுக்கு நினைவிருக்கும், அல்லது வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்போது நான் ஊழியத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. டிரெயின் எல்லாம் நின்று, ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நடந்துவந்த ராத்திரி அது. எங்கள் சபைக் குடும்பம் ஒன்றில் குர்லா பக்கம் வேலைக்குப் போன பையன் வீடு திரும்பவில்லை, மூன்றாம் நாள்தான் கிடைத்தான். பத்தொன்பது வயது. அந்த வீட்டுக்குள் நுழைந்த உடனே, என்ன சொல்வது என்று தெரியாத பயத்தில், "ஆண்டவருடைய சித்தம்மா" என்று நான் ஆரம்பித்தேன். அவனுடைய அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க ஐயா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. கொடியில் துணிகளுக்கு நடுவே ஒரு வேதாகமத்தை விரித்துத் தொங்கப் போட்டிருந்தார்கள், தாள்கள் உப்பிப் போய், ஓரமெல்லாம் சேற்றுக் கறை. காய்ந்த பிறகும் அது மூடவே இல்லை. பல வருஷம் அந்தம்மா அதைத்தான் ரப்பர் பேண்ட் போட்டு ஆராதனைக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் அன்றைக்குச் சொன்ன வாக்கியம் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அந்த வீட்டில் நான் அவர்களுடைய வாயை அடைக்கத்தான் பயன்படுத்தினேன், எனக்கே அது தெரியவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று பாருங்கள். அடைக்கலான் குருவி வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம், மத்தேயு 10:29. "உங்கள் பிதாவின் சித்தமில்லாமல், அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது" என்று நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் சித்தம் என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. "உங்கள் பிதா இல்லாமல்" என்று மட்டும்தான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் பொருள் விளங்கட்டும் என்று சேர்த்தார்கள், அது தப்பான விளக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் இயேசு சொன்னதை அப்படியே கேட்டால், குருவி விழுகிற இடத்தில் பிதா இருக்கிறார் என்பதுதான் முதலில் காதில் விழுகிறது. லூக்காவில் இதே குருவிகள் இன்னொரு கணக்கில் வருகின்றன. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு, லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியென்றால் ஐந்தாவது குருவி கொசுறு. கடைக்காரன் விலையே போடாத அந்தக் கொசுறுக் குருவியைக்கூட தேவன் மறப்பதில்லை என்கிறார் இயேசு. உங்கள் அறைக்குள் தண்ணீர் ஏறினபோது, ராத்திரி இரண்டு மணியோ மூன்று மணியோ, அரிசி மூட்டையை எங்கே தூக்கி வைப்பது என்று தெரியாமல் நீங்கள் நின்றீர்களே, அந்த இடத்தில் அவர் இல்லாமல் இல்லை.

இனி மழைக்கு வருவோம். 2005-இல் அந்த ஒரு நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒரே ஊர்தான். கொலாபாக்காரர்கள் பரிசுத்தவான்கள், சாந்தாகுரூஸ்காரர்கள் பாவிகள் என்று யாராவது சொல்வோமா? "நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்" என்று மத்தேயு 5:45-இல் இயேசு சொன்னது இதைத்தான். மழைமானியில் விழுகிற அளவை வைத்து ஆண்டவருக்கு யார்மேல் பிரியம் என்று படிக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற மித்தி ஆறு விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீரில் பிறந்து மாஹிம் கழிமுகத்தில் போய்ச் சேருகிறது. ஜூலையில் மழை பெய்து ஏரிகள் நிரம்பவில்லை என்றால் மும்பையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், குழாயில் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், இட்லி அரிசி ஊறப்போடக்கூடக் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். இதே தென்மேற்குப் பருவமழைதான் அங்கே பாபநாசம் அணைக்கும் தண்ணீர் கொண்டுவருகிறது. நம் திருநெல்வேலி ஜனங்கள் ஸ்தோத்திரப் பண்டிகையில் மழைக்காக நன்றி சொல்லி நெல்லும் வாழைத்தாரும் கொண்டுவந்து படைக்கிறார்கள். அதே மழை தாராவியில் ஏன் வீட்டுக்குள் வருகிறது? ஆற்றங்கரையைக் கட்டடங்களும் குப்பையும் நெருக்கிவிட்டன, கழிமுகத்துச் சதுப்புக் காடு குறைந்துபோயிற்று, விமான நிலையத்துக்காக ஆற்றின் போக்கையே வளைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட வடிகால் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குகிற கணக்கில் கட்டினது. அது போதாது என்று தெரிந்து மாற்றும் வேலையை வருஷக்கணக்காக இழுத்தார்கள். மழை பெய்கிற நேரத்தில் கடலும் ஏறிவிட்டால் நாலா என்று இங்கே சொல்கிற சாக்கடைக் கால்வாயின் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி உள்ளே வருகிறது.

மழையை அனுப்பினவர் ஆண்டவர். நாலாவை அடைத்தது மனுஷர். இரண்டையும் சேர்த்து ஒரே வார்த்தையில் "சித்தம்" என்று சொல்லிவிட்டால், தூர் வார வேண்டியவர்களை நாம் விட்டுவிடுகிறோம், பழியைத் தகப்பன் தலையில் போடுகிறோம். அவர் மழைக்கு ஆண்டவர் என்று விசுவாசிக்கிற நாம்தான் வார்டு அலுவலகத்தில் போய் நாலாவைப் பற்றி எழுதிக்கொடுக்கிற முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். படைப்பு அவருடையது, அதைக் கெடுத்தவர்களிடம் கேள்வி கேட்பதும் அவருக்குச் செய்கிற ஊழியம்தான்.

அந்த மூப்பருடைய சாட்சி. அவர் நன்றி சொன்னதில் தப்பில்லை, மகள் கல்யாணத்தில் மழை விட்டால் எந்தத் தகப்பனும் வானத்தைப் பார்த்துக் கும்பிடத்தான் செய்வான். ஆனால் மாற்கு 4-இல் ஒரு சின்ன வரி இருக்கிறது, நாம் எப்போதும் தாண்டிப் போகிற வரி. இயேசு ஏறின படகோடு "வேறே படவுகளும்" இருந்தன. அவர் எழுந்து "இரையாதே, அமைதலாயிரு" என்றபோது, உள்ளே இயேசு இல்லாத அந்தப் படகுகளுக்கும் அதே அமைதிதான் கிடைத்தது. அவர்கள் யார், விசுவாசித்தார்களா என்று ஒன்றும் எழுதவில்லை. அதுபோல, மண்டபத்தின் மேல் மழை விட்ட அந்த இரண்டு மணி நேரம் பக்கத்துத் தெருவில் வடாபாவ் வண்டிக்காரனுக்கும் விட்டது, நடைபாதையில் படுத்திருந்தவனுக்கும் விட்டது. அதை "எங்களுக்காக" என்று சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் அப்படிச் சொன்ன உடனே, நனைந்தவர்களுக்கு எதிராக என்று ஒரு அர்த்தம் தானாகவே பிறந்துவிடுகிறது. வேளாங்கண்ணியில் 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள், கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் போய்விட்டார்கள். அவர்களும் அதே ஆலயத்துக்கு வந்தவர்கள்தானே. தப்பினவர்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். போனவர்களுடைய பிள்ளைகள் கேட்கிற இடத்தில் அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மாமியார் சொன்னதை வளர்க்க வேண்டாம். பெரியவர்கள், பயத்தில் சொல்கிறார்கள், ஒரு காரணம் தெரிந்தால் அடுத்த மழைக்குத் தப்பிவிடலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட இவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படி அல்ல என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார், லூக்கா 13-இல் இருக்கிறது. உட்கார வைத்து அன்பாக வாசித்துக் காட்டுங்கள். கூடவே யோபு கடைசி அதிகாரத்தையும். நீ செய்த பாவத்துக்குத்தான் இந்த அடி என்று விடாமல் பேசின சிநேகிதர்கள்மேல் ஆண்டவருக்குக் கோபம் வருகிறது, சாம்பலில் உட்கார்ந்து ஏன் ஏன் என்று கத்தின யோபுதான் என்னைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம்தான் எனக்கு இதில் அதிகக் கவலை தருகிறது. தண்ணீர் வடிந்துவிடும், மோட்டாருக்குக் காயில் கட்டிவிடலாம், ஆனால் ஒரு மனுஷன் நின்றுபோன ஒவ்வொரு டிரெயினையும் பரலோகத்தின் பதில் என்று எடுத்துக்கொள்ள ஆரம்பித்தால் அப்புறம் அவரை எழுப்புவது கஷ்டம். இதை அவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் இந்தப் பத்தியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், முடியவில்லை, ஆவியானவர் விடவில்லை என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, உங்களிடம் வர ஒன்றிரண்டு தரம் முயன்றேன், சாத்தான் தடுத்தான் என்கிறார். ரோமருக்கு எழுதும்போது, அநேகந்தரம் தடைபட்டேன் என்கிறார், அங்கே காரணம் கையில் இருந்த வேலை. ஒரே ஆள், மூன்று தடை, மூன்று காரணம். தடை வந்த உடனே "ஆண்டவர் கதவை அடைச்சிட்டார்" என்று பவுலே முத்திரை குத்தவில்லை. பித்தினியா இல்லை என்றானபோது அவர் திரும்பி வந்து வீட்டில் உட்காரவும் இல்லை, துரோவா வரைக்கும் நடந்தார், அங்கேதான் ராத்திரியில் தரிசனம் வந்தது. அன்றைக்குத் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் வேலைக்குப் போக முடியாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள். இண்டர்வியூ எடுக்க வேண்டியவரே ஆபீஸ் வந்து சேர்ந்தாரோ இல்லையோ. போன் பண்ணட்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அது ஒரு பதில். கேட்காமலே இருப்பது பதில் ஆகாது.

ரூத் 2-ஆம் அதிகாரத்தில் "தற்செயலாய்" என்ற சொல்லை வேதமே பயன்படுத்துகிறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கதிர் பொறுக்கப் போன ரூத்துக்கு அந்த வயல் யாருடையது என்று தெரியாது. தரிசனம் இல்லை, சத்தம் இல்லை, வயிற்றுப்பாட்டுக்காகப் போனாள், அது போவாசுடைய வயலாக இருந்தது. அந்தக் குடும்பத்தில்தான் பின்னால் தாவீது பிறக்கிறான். ஆண்டவர் அவள் வாழ்க்கையை நடத்தினார் என்பது புத்தகத்தின் கடைசியில் தெரிகிறது, அன்றைக்குக் காலையில் அவளுக்குத் தெரிந்தது பசி மட்டும்தான். உங்களுக்கும் இன்றைக்கு அவ்வளவுதான் தெரிய வேண்டும்.

எல்லாம் முடிவானது என்றால் ஜெபம் எதற்கு என்று கேட்டீர்கள். அப்போஸ்தலர் 27-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள், 276 பேர் இருந்த கப்பல். யாருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் மூலம் பவுலுக்கு முன்னாலேயே வாக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும், கப்பலாட்கள் ரகசியமாகப் படகை இறக்கித் தப்பப் பார்க்கும்போது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்று பவுல் சொல்கிறார். வாக்கும் நிச்சயம், கப்பலாட்களும் வேண்டும். இதை ஒரு சூத்திரமாக விளக்கச் சொன்னால் என்னால் முடியாது, பெரிய பெரிய வேத பண்டிதர்களே இதில் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பலில் பவுல் நடந்துகொண்ட விதம் எனக்குப் புரிகிறது. அவர் அப்பம் எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிட்டார், மற்றவர்களையும் சாப்பிட வைத்தார். அதற்கப்புறம் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். கப்பலும் உடைந்தது. சிலர் நீந்தியும் சிலர் பலகையைப் பிடித்துக்கொண்டும் எல்லாரும் கரையேறினார்கள். ஆண்டவர் அனுப்பின இடத்துக்குப் போன ஊழியக்காரனுக்கே தானியம் போச்சு, கப்பல் போச்சு. உங்கள் இரண்டு மூட்டை அரிசி போனதால் அவர் உங்களைக் கைவிட்டார் என்று ஆகாது.

ஜெபத்தில் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் சங்கீதம் 42-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது" என்று பாடினவர், அலை யாருடையது என்று தெரிந்துதான் முறையிடுகிறார். "உமது" என்று சொல்கிறவருக்குத்தான் அவரிடம் சண்டை போட உரிமை இருக்கிறது. சீஷர்கள் படகில் "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று இயேசுவை உலுக்கி எழுப்பினார்களே, அவர் எழுந்ததும் முதலில் காற்றைத்தான் அதட்டினார், அவர்களை அல்ல. அதே மாதிரி நீங்களும் கேளுங்கள், அழகாக ஜோடித்துக் கேட்க வேண்டாம்.

அப்புறம் இந்த வாரம் செய்ய வேண்டியது. அந்த மோட்டாரை ஈரத்தோடு பிளக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், உயிருக்கு ஆபத்து, கழற்றிக் காயவைத்துக் கடையில் காட்டுங்கள். தண்ணீர் நின்ற அளவு சுவரில் கோடாகத் தெரிந்தால் வெள்ளையடிப்பதற்கு முன் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சநாமா, அதாவது சேதக் கணக்கு, எடுக்க ஆள் வந்தால் காட்டலாம். ஒரு விஷயம் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். அந்த மூப்பர் வீட்டுக்குப் போங்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்ததில் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, அதே வாரத்தில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று சொன்னபோது அந்தியோகியா சபையார் இது யார் பாவத்தால் என்று விசாரிக்கவில்லை, அவரவர் திராணிக்குத்தக்கதாகப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். ஒரு கிரைண்டர் மோட்டார் ஒரு சபைக்குப் பாரமே இல்லை. நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டால் உங்கள் பாஸ்டரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், அவர் கேட்பார்.